நீல விளக்கும் ஒரு துண்டு வயரும்

மாதேசா,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த வாரத்தில் மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் லட்சணம் அவ்வளவுதான். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கன்னடத்தில் எழுதினால் கடகடவென்று படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். நீ மெதுவாகப் படிப்பது எனக்கு வசதி. கடைசி வரிக்கு நீ வந்து சேர்வதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

இப்போது காலை பத்து மணி. நீ சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதிய அதே பம்பு ரூமில், அதே தகர மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அபார்ட்மெண்டில் எல்லா வீட்டுச் சமையலறைக் குழாய்க்கும் தண்ணீர் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது. சுவரில் இருக்கிற இண்டர்காம் விடாமல் அடிக்கிறது. எடுக்கவில்லை. செகரெட்டரி நேரிலேயே வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வர வேண்டும், வராவிட்டால் நாளைக்கு வேறு ஆள். வேறு ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். பம்பு ரூமுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஒன்றரை அறை வீடு ஆபரேட்டருக்குத்தான். வேலை போனால் வீடும் போச்சு. நீ பிறந்ததிலிருந்து என் கழுத்தில் கிடக்கிற கயிறு அதுதான். யாரும் இழுக்க வேண்டியதில்லை, கிடந்தாலே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கவிதாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு விஷயம் சொன்னாய். ஹெப்பாளில் உன் ஆபீசுக்குப் பக்கத்திலேயே புது ஃபிளாட் பார்த்துவிட்டதாகச் சொன்னாய். "அம்மா, இனிமே தண்ணி காய்ச்சற வேலையே வேண்டாம். அங்க யூ.வி. இருக்கு. நானே கீழ போய்ப் பாத்துட்டேன், ப்ளூ லைட் ஜம்முனு எரியுது" என்றாய். அடுத்த மூச்சில், "வர்ற அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போயி பாப்பாவுக்குச் சோறு ஊட்டிடலாம்" என்றாய். மாதேஸ்வரன் பேரை வைத்துக்கொண்டிருக்கிறவன், உன் பிள்ளைக்கு அங்கே ஊட்டாமல் வேறெங்கே ஊட்டுவாய்? ஆனால் நீ அதைச் சொன்னதும் உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். நீ அதைக் கவனிக்கவில்லை.

முதலில் அந்த நீல விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது உனக்குப் புரியாது. எஃகுக் குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் குழாய், கண்ணாடிக்குள் விளக்கு. தண்ணீர் கண்ணாடியைச் சுற்றி ஓடும். வெளிச்சம் தண்ணீரைக் கடந்துபோய்த் தொட்டால்தான் கிருமி ஒடுங்கும். நீ பார்த்துச் சந்தோஷப்பட்டாயே, அந்த நீலம் சும்மா. கிருமியை அடிக்கிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விளக்குக்கு வயதானால் அது குறைந்துபோகும், நீலம் மட்டும் கல்யாண வீட்டுச் சீரியல் லைட் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். இது விளக்கின் சங்கதி. தண்ணீரின் சங்கதி இன்னும் மோசம். தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே தண்ணீர் இல்லை. கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்ததும் போர் தண்ணீரைக் கலப்போம். அதிலிருக்கிற சுண்ணாம்பும் இரும்பும் கீசருக்குள் படிகிற மாதிரி கண்ணாடிமேல் படியும். எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துடைத்தால் போய்விடும். மழைக்காலத்தில் அந்தக் கதை நடக்காது. கபினி ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது மண்ணோடு காட்டுச் சருகு ஊறிய சாறும் சேர்ந்து வரும். மண்ணை மணல் ஃபில்டர் பிடித்துவிடும். சாறு தண்ணீரில் கரைந்துபோனது, அதை மணல் என்ன செய்யும்? டம்ளரில் பிடித்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். வெள்ளை பக்கெட்டில் நிறைத்துப் பார்த்தால்தான் லேசாக டீ நிறம் தெரியும். அந்த நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மார்கழி மாதத்தில் நாம் மலைக்குப் போன பஸ் ஞாபகம் இருக்கிறதா? ஹெட்லைட் முழுசாக எரிந்தும் பனியில் டிரைவருக்கு ரோடு தெரியாமல், கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்தாரே. அதேதான். லைட்டில் ஒரு குறையும் இருக்காது.

மெஷினுக்கு இதெல்லாம் தெரியும். அதில் ஒரு சென்ஸார் இருக்கிறது. வெளிச்சம் தண்ணீரைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று பார்த்து ஒரு எண்ணைக் காட்டும். எண் கீழே இறங்கினால் 'டக்' என்று வால்வு மூடிக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும். உனக்கு ஒன்பது வயதாகும்போது இங்கே அதை மாட்டினார்கள். மாட்டியது தை மாதம். தண்ணீர் தெளிந்து கிடக்கிற காலம். அந்தத் தண்ணீரை வைத்து எல்லாம் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யூ.வி. வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த நாற்றம் என்று பிளீச்சிங் பவுடர் போடுவதையும் அசோசியேஷன் நிறுத்தியது. ஆனி மாதம் முதல் மழை பெய்ததும் வால்வு மூடிக்கொண்டது. திறந்தேன், மறுபடி மூடியது. ஓட்டத்தைக் குறைத்தால் தண்ணீர் வெளிச்சத்தில் கூடுதல் நேரம் நிற்கும், ஓரளவு சமாளிக்கலாம். அதையும் செய்தேன். காலை ஏழு மணிக்கு எல்லாரும் குழாயைத் திறக்கிற நேரத்தில் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

செகரெட்டரி வந்தார். அப்போதும் இவர்தான். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர், ஆனால் கோபம் வந்தால் கன்னடமும் கலந்து வரும். "ஏனப்பா இது, தெனமும் இதே கதையா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுப்பா. லைட் எரியுதுல்ல?"

"லைட் எரியுது சார். வெளிச்சம் தண்ணிக்குள்ள போகலைன்னு மெஷின் சொல்லுது."

"மெஷின் சொல்றதக் கேக்கறதுக்கா உனக்கு வீடு குடுத்திருக்கோம்?"

அன்று மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து, சென்ஸாரிலிருந்து வால்வுக்குப் போகிற இடத்தில் இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு துண்டு சிவப்பு வயரைப் போட்டான். வேலை இரண்டு நிமிஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு எண் எவ்வளவு இறங்கினாலும் வால்வு மூடாது. மெஷினின் வாயைக் கட்டியாகிவிட்டது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு லாக் புக்கில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை என்று செகரெட்டரி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடியில் உன் கண் மஞ்சளானது. உன்னோடு இன்னும் நாலைந்து வீட்டுக் குழந்தைகளுக்கும். நீ சோறு வேண்டாம், பால் வேண்டாம் என்று சுருண்டு படுத்துக்கிடந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இது இன்னிக்கு நேத்து சமாசாரம் இல்ல. மூணு நாலு வாரத்துக்கு முன்னாடி எங்கயோ கெட்ட தண்ணி குடிச்சிருக்கான்." நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். எண்ணி முடித்த இடத்தில் அந்த வயர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீ என் காதோடு சொன்னாய்: "அப்பா, நான் மாரப்பண்ணங்கிட்ட பானிபூரி சாப்புட்டேன். நாலு நாளைக்கு முன்னாடி. ஒரே ஒரு பிளேட்டு. அம்மாகிட்ட சொல்லாதீங்க." சொல்லிவிட்டு அழுதாய். நாலு நாளில் மஞ்சள் காமாலை வராது. டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் காதிலேயே அந்தப் பேச்சு இருந்தது. "அதனால இல்ல கண்ணு" என்று உன் தலையைத் தடவியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. ஒரு தகப்பனுக்கு வரக்கூடாத அப்பாடா அது. இத்தனை வருஷமாக அதை மென்று மென்று விழுங்குகிறேன், இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் மீட்டிங் போட்டார்கள். "பிளாண்ட் சரியா இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் செகரெட்டரி கேட்டார். அவருக்குத் தெரியாதா? நான் பம்பு ரூம் கதவைத் திறந்து காட்டினேன். நீலமாக எரிந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு நானாகவே, யாரும் கேட்காமலே சொன்னேன்: "கேட் வாசல்ல பானிபூரி வண்டி இருக்குது சார். என் பையனே அங்கதான் சாப்பிட்டிருக்கான்." அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். காய்ச்சல் விடாத உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். "இவர்கிட்டதானே சாப்பிட்ட?" என்று கேட்டார்கள். நீ தலையாட்டினாய். வண்டியை அங்கேயே கவிழ்த்துவிட்டு, இந்தப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டினார்கள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மாரப்பண்ணன் ஹனூர்க்காரர், நம் ஊருக்கு அடுத்த ஊர். தினமும் சாயங்காலம் இரண்டு குடத்தைக் கொண்டுவந்து இந்த பம்பு ரூம் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார். நான்தான் பிடிக்கச் சொன்னேன். "பெரிய மனுசங்க குடிக்கற தண்ணிங்க, லைட்டுல சுத்தமாவுற தண்ணி. நம்ம யாவாரத்துக்கு இதவிட என்னங்க வேணும்?" என்பார். அன்றைக்கு வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். 'தண்ணி இவரு குடுத்ததுதாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சிதறின தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு உன் அம்மா தண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் என் பங்குக்கு, மழைக்காலம் வந்தால் யாருக்கும் தெரியாமல் தரைக்கடியில் இருக்கிற சம்ப்புத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். வாசனை வருகிறது என்று புகார் வந்தால், மெயின் பைப்பிலேயே அப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். ஆனால் பிறகு இங்கே எந்தக் குழந்தைக்கும் கண் மஞ்சளாகவில்லை. நடுவில் ஒரு முறை மெஷினையே மாற்றினோம். பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்குக் குடிபோனது அந்த வயர் மட்டும்தான். செகரெட்டரி என்னைக் காட்டிக்கொடுக்க முடியாது, நான் அவரைக் காட்டிக்கொடுக்க முடியாது. பார்த்தால் சிரித்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே அறைக்குள் பூட்டிக்கொண்டு சாவியை வெளியே எறிந்த மாதிரி இத்தனை வருஷம்.

உன் கல்யாணத்துக்கு முந்தின ஆடியில் நானும் உன் அம்மாவும் மலைக்குப் போனோம். கோயிலுக்குப் போகிற வழியில் பொரிகடலையும் கற்பூரமும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி நடந்தேன். அவர் விடவில்லை. "ஏனுங்க, மைசூர்ல இருந்துதான வர்றீங்க? பையன் எப்புடி இருக்கானுங்க? கண்ணு மஞ்சளெல்லாம் போயிருச்சுங்களா?" என்றார். நீ நேற்றுத்தான் படுத்துக்கிடந்த மாதிரி கேட்டார். "அவனுக்குக் கல்யாணமே ஆகப்போகுதுங்கண்ணா" என்று சிரித்தேன்.

"நல்லா இருக்கட்டுங்க. என் கொடத்துல என்ன கெடந்துச்சோ, பாவம், கொழந்தைக. அதுலருந்து தண்ணி சேர்ற யாவாரமே வேண்டாம்னு உட்டுப்போட்டனுங்க. இப்ப பொரிதான், காஞ்ச சரக்கு."

நான் இரண்டு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ் கொள்ளேகாலைத் தாண்டியது. உன் அம்மா கேட்டாள்: "அந்த மனுசன் அப்படிக் கேக்கறப்பக்கூட உங்களுக்கு வாய் வரலீங்களா?" அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உன் கல்யாண ரிசப்ஷனில் பானிபூரி ஸ்டால் போட்டிருந்தார்கள். கவிதா உன் கையைப் பிடித்து இழுத்தாள். நீ வரமாட்டேன் என்றாய். அவள் காரணம் கேட்டபோது, "சின்ன வயசுல நான் ஒரு தப்பு பண்ணேன், என்னால ஒருத்தர் பொழப்பே போச்சு" என்று சொன்னாய். நான் உனக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிற பிள்ளையின் காலில் விழ முடியுமா? ஐஸ்கிரீம் வாங்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இந்த வருஷம் இங்கே புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் கடையிலிருந்து தண்ணீரைச் சோதிக்கிற ஏதோ தாள் பட்டை வாங்கிவந்து தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். குளோரின் இருக்கிறது, யூ.வி. இருக்கும்போது கெமிக்கல் எதற்கு என்று ஒரே கூச்சல். செகரெட்டரி என் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆக, இந்த மழைக்கு வயர் மட்டும்தான். இரண்டு நாளாக நல்ல மழை. இன்று காலை எண் இறங்கத் தொடங்கியது. இறங்கி, நான் இதுவரை பார்க்காத இடத்துக்கு வந்து நின்றது. விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் நம் பாப்பா வயதில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வயரைக் கழற்றினேன். 'டக்' என்றது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

கழற்றிவிட்டேன் என்றதும் உன் அப்பன் பெரிய ஆள் ஆகிவிட்டான் என்று நினைக்காதே. இன்னொரு வயர்த் துண்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். நாளைக்கு வருகிறவன் சிரித்துக்கொண்டே மாட்டிவிடுவான். அதனால்தான் லிஃப்ட் பக்கத்தில் கன்னடத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டினேன்: மழைத் தண்ணீரில் வெளிச்சம் போகவில்லை, காய்ச்சிக் குடியுங்கள், பிளீச்சிங் போட விடுங்கள். கீழே என் பெயரும் எழுதியிருக்கிறேன். லாக் புக்கில் 'ஓகே' எழுதவில்லை, எண்ணை அப்படியே எழுதினேன். சாயங்காலம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்கு வந்து ஒண்டிக்கொள்ள வழி பண்ணுகிறேன் என்று நினைத்துவிடாதே. இதைப் படித்த பிறகு நீ கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம். கூப்பிடாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உன் புது ஃபிளாட்டில் விளக்கைப் பார்க்காதே, எண்ணைப் பார். கண்ணாடியைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கேள். மழைக்காலத்தில் ஒரு நாளாவது தண்ணீர் நின்றதா என்று அங்கே இருக்கிற ஆபரேட்டரைக் கேள். நின்றது என்று சலித்துக்கொண்டால் நிம்மதியாக இரு. நிற்கவே இல்லை என்று பெருமைப்பட்டால் பயப்படு. ஆனால் அவனைத் திட்டாதே. அவனுக்கும் பம்பு ரூமுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும்.

அமாவாசைக்கு மலைக்குப் போவோம். பொரிக்கடையைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். அவர் உன்னைப் பார்ப்பார், "கண்ணு மஞ்சள் போயிருச்சுங்களா" என்று கேட்பார். அவர் கேட்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். சொல்கிறேன் என்று இப்போது எழுதுகிறேன், அங்கே போனதும் என் வாய் என்னைக் கைவிட்டுவிடும் என்று எனக்கே என்மேல் சந்தேகம். நான் பொரி வாங்கிக்கொண்டு நடக்கப் பார்த்தால் என் சட்டையைப் பிடித்து நிறுத்து. பாப்பாவுக்குச் சோறு ஊட்டின பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்களே, அதை உன் அம்மா காய்ச்சிக் கொண்டுவருகிறேன் என்கிறாள்.

இண்டர்காமை இப்போதுதான் எடுத்தேன். "ஏனப்பா, அந்த வயர் எங்க?" என்றார் செகரெட்டரி. "என் பையனுக்குக் கடிதாசி எழுதறேன் சார், அதுக்குள்ள வச்சிட்டேன்" என்றேன்.

கவரின் மூலையில் தடவிப் பார். இரண்டு விரல் நீளம், சிவப்பு. நீ மாரப்பண்ணனிடம் சாப்பிட்டது வெறும் பானிபூரி. உன்னைப் படுக்கவைத்தது இது.

அப்பா